பழைய தட்டுக்குப் புதிய பதிப்பு



பழைய நூல்கள் புதுப் பதிப்புக் காண்பதை நாம் அறிவோம். இசைத்தட்டுகளுக்கும் அவ்வாறே புதுப் பதிப்பு உண்டு. அரை நூற்றாண்டுக்கு முன் வெளியான ராக் இசைத்தட்டுகள் பல, இன்று கனமான வினைல் தட்டுகளாக, உயர்ந்த விலையில், சேகரிப்போருக்கென்றே மீண்டும் வெளிவருகின்றன. அவற்றின் உறையில் 'ரீமாஸ்டர் செய்யப்பட்டது' என்னும் குறிப்புக் காணப்படும். அக்குறிப்பின் பொருள் யாது? அப்பணியைச் செய்பவர் எதற்குக் கடமைப்பட்டவர்? பீட்டில்ஸ் குழுவினரின் தட்டு ஒன்றைச் சான்றாகக் கொண்டு இவ்வினாக்களை இன்று ஆராய்வோம்.

அத்தட்டின் பெயர் 'ஸார்ஜென்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பாண்ட்'. லண்டன் மாநகரில் அபே ரோடு என்னும் வீதியில் அமைந்த ஈ.எம்.ஐ. ஒலிப்பதிவுக் கூடத்தில், 1966 நவம்பர் முதல் 1967 ஏப்ரல் வரை இது உருவாயிற்று. ஜார்ஜ் மார்ட்டின் தயாரிப்பாளராகவும், ஜெஃப் எமரிக் ஒலிப்பதிவுப் பொறியாளராகவும் பணியாற்றினர். தில்ரூபா, தபலா, தம்பூரா ஆகிய நம் நாட்டுக் கருவிகளும், லண்டனில் வாழ்ந்த இந்தியக் கலைஞர்களின் கைவண்ணத்தில், இதில் ஒரு பாடலில் ஒலிக்கின்றன.

அக்காலத்தில் அங்கிருந்த நாடாப் பொறியில் நான்கு தடங்களே இருந்தன. குரல், கித்தார், முரசு, வயலின் என நான்கிலும் ஒலி நிரம்பிவிட்டால், அவற்றைக் கலந்து வேறொரு நாடாவின் ஒரே தடத்தில் ஏற்றுவர். எஞ்சிய தடங்களில் மேலும் ஒலிகளைச் சேர்ப்பர். இறுதியில் எல்லாவற்றையும் உரிய அளவில் கலந்து, கால் அங்குல அகல நாடாவில் பதிவு செய்வர். இதுவே மூல நாடா. ரீமாஸ்டர் செய்வோர் கையில் எடுப்பது இந்நாடாவைத்தான். ஆகவே, பாடகரின் குரலை மட்டும் உயர்த்தவோ, முரசை மட்டும் தாழ்த்தவோ அவரால் இயலாது. பல தட நாடாக்களுக்கே திரும்பிச் சென்று புதிதாகக் கலப்பது ரீமிக்ஸ் எனப்படும் வேறு பணி. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவோர் பலர்.

மூல நாடா இருக்க, அதை அப்படியே தட்டில் ஏற்றினால் போதாதோ என்று கேட்கத் தோன்றும். அது அத்துணை எளிதன்று. அரக்குப் பூசிய அலுமினியத் தகட்டில் ஊசியொன்று ஒலிக்கேற்ப அசைந்து பள்ளம் வெட்டுகிறது. தாழ்ந்த சுரங்கள் மிகுந்தால் பள்ளம் அகன்று இடத்தை விழுங்கும். இயக்கும்போது ஊசி துள்ளவும் கூடும். அகரத்தினும் சகர ஒலியே வெட்டுவோருக்குத் தொல்லை தருவது. அது கூர்மையாக எழுந்தால் தட்டில் கரகரக்கும். தட்டின் நடுவை நெருங்க நெருங்க ஒலியின் தெளிவும் குறையும். 1960-களின் எளிய கிராமபோன்களை மனத்திற்கொண்டு, தட்டு வெட்டிய பொறியாளர்கள் தாழ்ந்த சுரங்களைச் சிறிது அடக்கியே வெட்டினர். ஆகவே மக்கள் அன்று வாங்கிக் கேட்டதும் மூல நாடாவில் இருந்ததும் முற்றிலும் ஒன்றல்ல.

இவற்றுள் எது உண்மையான 'ஸார்ஜென்ட் பெப்பர்'? சிக்கல் இதனோடு முடியவில்லை. அத்தட்டு மோனோ, ஸ்டீரியோ என இரு வடிவங்களில் வெளிவந்தது. குழுவினர் உடனிருந்து கருத்தோடு கவனித்தது மோனோக் கலவையையே. ஸ்டீரியோக் கலவை சில நாட்களில் முடிக்கப்பட்டது. 'ஷீ'ஸ் லீவிங் ஹோம்' என்னும் பாடல் மோனோவில் விரைவாகவும் அரைச்சுரம் உயர்ந்தும் ஒலிக்கிறது. ஸ்டீரியோவில் மெதுவாகவும் தாழ்ந்தும் ஒலிக்கிறது. ஒரே பாடலுக்கு இரண்டு பாடங்கள்! பின்னாளில் உலகெங்கும் பரவியது, குழுவினர் குறைவாகக் கவனித்த ஸ்டீரியோப் பாடமே.

இம்மூலத்தை அபே ரோடுக் கூடத்தினர் மும்முறை மூன்று வகையாக அணுகியிருப்பது நோக்கத்தக்கது.

முதலாவது 2009 செப்டம்பரில் வெளிவந்தது. பீட்டில்ஸ் பாடல்கள் அனைத்தையும் இலக்கமுறையில் புதுப்பிக்க நான்கு ஆண்டுகள் உழைத்தனர். ஒவ்வொரு பாடலும் முடிந்ததும் நாடாப் பொறியின் முனைகளில் படிந்த தூசியை நீக்கிவிட்டே அடுத்த பாடலை ஓட்டினர். இரைச்சலை நீக்கும் கருவி அவர்களிடம் இருந்தது. ஆயினும், 525 நிமிட இசையில் 5 நிமிடத்துக்கும் குறைவான பகுதியிலேயே அதைப் பயன்படுத்தினர். மின்சொடுக்கு ஒலி போன்ற கருவிக் குறைகளைக் களைந்தனர். பாடகர் மூச்சிழுக்கும் ஓசை போன்றவற்றை நிகழ்ச்சியின் பகுதியெனக் கொண்டு விட்டுவைத்தனர். 'எ டே இன் தி லைஃப்' பாடலின் இறுதியில் பியானோக்களின் நாதம் தேய்ந்து மறையும் வேளையில் ஒரு நாற்காலி கிறீச்சிடுகிறது. அது பிழையா, பாட்டின் பகுதியா? அதைத் துடைத்தெறிவது இன்றைய கருவிகளுக்கு ஒரு நொடி வேலை. துடைக்காமல் விடுவதற்கே விவேகம் வேண்டும்.

இரண்டாவது 2014-இல் வெளியான மோனோத் தட்டுகள். ஷான் மகீ, ஸ்டீவ் பெர்கோவிட்ஸ் என்னும் இருவர், கணினியின் தலையீடே இன்றி, மூல நாடாவிலிருந்து நேரே தகட்டில் வெட்டினர். 1960-களில் தட்டு வெட்டியோர் எழுதிவைத்த குறிப்புகளைத் தேடிப் படித்தனர். முதல் அச்சுத் தட்டுகளை அருகில் வைத்து ஒப்பிட்டுக் கேட்டனர். மூல நாடாவுக்கும் மக்கள் கேட்ட தட்டுக்கும் ஒருங்கே நீதி செய்ய முயன்ற பணி இது.

மூன்றாவது 2017-இல், ஐம்பதாம் ஆண்டு நிறைவையொட்டி வந்தது. ஜார்ஜ் மார்ட்டினின் மைந்தர் ஜைல்ஸ் மார்ட்டின், ஸாம் ஓக்கெல் என்பவருடன் சேர்ந்து, ஒன்றாகக் கலக்கப்படுவதற்கு முந்திய நாடாக்களுக்கே சென்று, புதிய ஸ்டீரியோக் கலவையை அமைத்தார். பழைய மோனோவே அவருக்கு வழிகாட்டி. 'ஷீ'ஸ் லீவிங் ஹோம்' மோனோவின் சுருதியிலேயே அமைந்தது. ஆனால் இது ரீமாஸ்டர் அன்று; ரீமிக்ஸ். உறையிலும் அவ்வாறே குறித்தனர்.

மூன்றும் வேறுபட்டவை. ஆயினும் செய்தது இன்னதென்று மூன்றிலும் மறைக்கப்படவில்லை. இதுவே நாம் வலியுறுத்த விரும்பும் செய்தி. அது மறைக்கப்பட்டால் என்ன நேரும் என்பதற்கும் அண்மைக்கால வரலாற்றில் சான்று உண்டு.

அமெரிக்காவின் மொபைல் ஃபிடிலிட்டி நிறுவனம் சேகரிப்போரிடையே பெரும் புகழ் பெற்றது. அதன் சிறப்புப் பதிப்புகள் நூறு டாலருக்கு மேலும் விற்றன. அவை மூல நாடாவிலிருந்து நேரே வெட்டப்பட்டவை என்றே வாங்கியோர் நம்பினர். 2022 ஜூலையில், இடையே இலக்கமுறைப் பிரதி ஒன்று பயன்படுத்தப்படுவதை நிறுவனத்தின் பொறியாளர்களே ஒப்புக்கொண்டனர். அவ்வழக்கம் 2011-இலேயே தொடங்கிவிட்டது என்பதும் தெரிய வந்தது. வழக்குத் தொடரப்பட்டது. தட்டைத் திருப்பித் தருவோர் பணத்தைப் பெறலாம் என்று உடன்பாடு ஏற்பட்டது.

இதில் வியப்பு ஒன்றுண்டு. அத்தட்டுகளின் இனிமையை அதே சேகரிப்போர் பல ஆண்டுகளாகப் போற்றி வந்தனர். இலக்கமுறைப் பிரதி ஒலியைக் கெடுத்துவிடவில்லை. மூல நாடாவை ஒரே முறை ஓட்டிப் பிரதி எடுத்துக்கொள்வது, பலமுறை ஓட்டித் தேய்ப்பதினும் அதற்கு நலம் என்றும் வாதிடலாம். அவ்வாதத்தை முன்பே வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் பலர் ஏற்றிருப்பர். காதுக்குக் குறையேதும் நேரவில்லை, நம்பிக்கைக்கே நேர்ந்தது. அதன் பின்னர் அந்நிறுவனம் தன் தட்டுகள் கடந்து வந்த படிகளை வெளிப்படையாக அறிவிக்கலாயிற்று.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எம்மைப் போன்றோருக்கு இச்செய்தி புதிதன்று. மூலத்தில் தெளிவில்லாத ஓரிடத்தை நாம் தெளிவாக்கிவிட்டால் படிப்பவர் மகிழ்வர். ஆனால் அத்தெளிவு மூலத்தினதா, நம்முடையதா என்று அவர் அறிய வழியிராது. எனவே குறிப்பு எழுதுகிறோம், மூலத்தையும் பேணுகிறோம். ஒலியைப் புதுப்பிப்போர்க்கும் இவ்விரு கடமைகள் உண்டு.

இரண்டாம் கடமை மிகவும் இன்றியமையாதது. 2008 ஜூன் முதல் நாள் ஹாலிவுட்டில் யூனிவர்சல் நிறுவன வளாகத்தில் மூண்ட தீயில் மூல நாடாக்கள் பல எரிந்தொழிந்தன. மூலம் அழிந்தால், எஞ்சிய பிரதி எத்தகையதோ அதுவே மூலமாகிவிடும். அப்பிரதியில் ஒருவர் தம் விருப்பப்படி செய்த மாற்றங்களும் மூலத்தின் இயல்பாகவே கருதப்பட்டுவிடும்.

பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் இல்லங்களிலும் பழைய ஒலிநாடாக்கள் இருக்கக்கூடும். பாட்டியார் பாடிய தாலாட்டு, தந்தையார் ஊரிலிருந்து பேசியனுப்பிய செய்தி போன்றவை அவற்றில் இருக்கலாம். அவற்றைக் கணினியில் ஏற்றுவோர், இரைச்சல் நீக்காத பிரதியொன்றை முதலில் எடுத்து வைப்பாராக. மெருகேற்றுவதை மற்றொரு பிரதியில் செய்க. எந்நாளில், எவர், என்ன செய்தார் என்று இரண்டு வரி எழுதி வைக்க. பழைய நாடாவையும் எறிந்துவிட வேண்டா. இரைச்சலென்று நாம் நீக்குவதில் பின்கட்டுக் கிணற்றின் உருளை ஓசையும் சேர்ந்து போகலாம். பின்வரும் மக்கள் கேட்க விரும்புவது அதையாகவும் இருக்கலாம்.