மதிப்புரை கேட்பது எப்படி?

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மின்னியல் துறையில் படிச்சவன் புத்தக மதிப்புரை பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று சிலர் நினைக்கலாம். காரணம் சொல்லிவிடுகிறேன். வீட்டு மின் இணைப்புகளைப் பற்றி, வீட்டில் குடியிருப்பவர்களுக்குப் புரிகிற தமிழில், 144 பக்கத்தில் ஒரு சிறு புத்தகம் எழுதினேன். எர்த் எதற்கு, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. எப்படி உயிரைக் காப்பாற்றுகிறது, ஃபியூஸ் போனால் தடித்த கம்பியை ஏன் போடக்கூடாது, இவ்வளவுதான் விஷயம். பதிப்பாளரைத் தேடி அலையாமல் சொந்தச் செலவில் 500 பிரதிகள் அச்சிட்டேன். நம் சங்கச் செயலாளர் அதைப் பார்த்துவிட்டு, "நீ எழுதினதைப் பத்திப் பேச வேண்டாம்ப்பா, அதை நாலு பேர் எப்படிப் படிச்சாங்கன்னு பேசு" என்றார். நம்மவர்களில் நிறையப் பேர் இப்போது எழுதுகிறார்கள். அவர்களுக்கு உதவும் என்று சொன்னதால் ஒப்புக்கொண்டேன்.

பதிப்பகத்தின் வழியாக வருகிற புத்தகத்துக்கு விலைப்பட்டியல் உண்டு, கண்காட்சியில் கடை உண்டு, பத்திரிகைகளோடு பழக்கம் உண்டு. தனியாகப் போடுகிறவனுக்கு அவனேதான் ஆசிரியர், அவனேதான் கட்டுக் கட்டுகிற ஆள், தபாலாபீசுக்குப் போகிறவனும் அவனே. புத்தகம் வந்து மூன்று மாதம் ஆகியும் யாரும் நல்லதென்றும் சொல்லாமல், கெட்டதென்றும் சொல்லாமல் இருக்கும்போதுதான் கஷ்டம் தெரியும். அந்த மௌனத்தில் மனசு எதையும் செய்யத் தூண்டும்.

நம் மெஷின்ஸ் லேப் ஞாபகம் இருக்கிறதா? லோடு இல்லாமல் ஓட்டினால் பெரும்பாலான மோட்டார்கள் நன்றாகத்தான் ஓடும். லோடு ஏற்றிப் பார்த்தால்தான் எங்கே சூடாகிறது, எங்கே வேகம் குறைகிறது என்று தெரியும். நண்பர்களும் உறவினர்களும் "பிரமாதம்" என்று சொல்வது லோடு இல்லாத ஓட்டம். நம்மைத் தெரியாத ஒருவர், நமக்கு வேண்டியவராக இல்லாத ஒருவர், படித்துவிட்டு எழுதுகிற மதிப்புரைதான் லோடு டெஸ்ட். என் பேச்சின் சாரம் இதுதான். புத்தகம் எழுதியவன் கேட்டு வாங்க வேண்டியது பாராட்டை அல்ல, பரிசோதனையை.

எனக்கும் ஒரு தரகர் போன் செய்தார். "சார், இத்தனை ஐந்து நட்சத்திர விமர்சனத்துக்கு இவ்வளவு ரூபாய். புத்தகம் கூட அனுப்ப வேண்டாம், அட்டைப் படம் போதும்" என்றார். சிரிப்பு வந்தது, கொஞ்ச நேரம் கழித்துப் பயமும் வந்தது. என்னுடையது கரண்ட் பற்றிய புத்தகம். படிக்காதவர் எழுதிய பாராட்டை நம்பி ஒருவர் அதை வாங்கி, வீட்டில் ஏதாவது செய்து பார்த்தால்? சோதிக்காத சாதனத்துக்குச் சான்றிதழ் கொடுப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இது வெளிநாட்டிலும் நடந்த கதைதான். தானே வெளியிட்ட மின்நூல்களை அமேசான் கிண்டிலில் பத்து லட்சத்துக்கு மேல் விற்றவர் என்று 2011இல் புகழ் பெற்றவர் ஜான் லாக் என்ற அமெரிக்கர். அவர் முன்னூறு விமர்சனங்களை விலைக்கு வாங்கியவர் என்பதை 2012 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. அதன் பிறகு அவர் பெயர் வரும் இடத்திலெல்லாம் இந்தச் செய்தியும் கூடவே வருகிறது. நம் நாட்டில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஐ.எஸ். 19000:2022 என்ற தரத்தைக் கொண்டுவந்தது. இணையத்தில் வரும் நுகர்வோர் விமர்சனங்களுக்கான தரம் அது. தாமாக முன்வந்து பின்பற்றும் தரமாகத்தான் அது வந்தது. அமெரிக்காவிலோ பொய் விமர்சனங்களை விற்பதையும் வாங்குவதையும் தடை செய்யும் விதி 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது.

இதைவிடப் பழைய கதை ஒன்று. 1855இல் வால்ட் விட்மன் 'புல்லின் இதழ்கள்' கவிதைத் தொகுதியைத் தானே வெளியிட்டார். அச்சானது சுமார் 800 பிரதிகள். யாரும் கவனிக்கவில்லை. என்ன செய்தார் தெரியுமா? பெயர் போடாமல் தன் புத்தகத்துக்குத் தானே மதிப்புரைகள் எழுதிப் பத்திரிகைகளில் வரச் செய்தார்! ஆனால் அவருக்கு வழி திறந்தது அந்த மதிப்புரைகளால் அல்ல. எமர்சனுக்குப் போய்ச் சேர்ந்த ஒரு பிரதி. அதைப் படித்துவிட்டு 1855 ஜூலையில் எமர்சன் எழுதிய கடிதம்தான் அவரை நிறுத்தியது. விட்மன் அதையும் கேட்காமலே பத்திரிகையில் வெளியிட்டார். அடுத்த பதிப்பில் கடிதத்தின் ஒரு வரியைப் புத்தக முதுகிலும் பொறித்தார். இதில் நமக்கு இரண்டு பாடம். சரியான ஒரு வாசகர் கையில் ஒரு பிரதி போய்ச் சேர்வது, நாமே எழுதிக்கொள்ளும் பத்து மதிப்புரையைவிடப் பெரிது. தனிப்பட்ட கடிதத்தைப் பயன்படுத்தும் முன் எழுதியவரிடம் அனுமதி கேட்க வேண்டும்.

நம் தமிழிலும் முன்மாதிரி இல்லாமலில்லை. விமர்சனத்துக்கென்றே 1959இல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா, புத்தகங்களைத் தானே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போனவர். அவருடைய 'சுதந்திர தாகம்' நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது 2001இல். அதற்கு முன்பே அவர் மறைந்துவிட்டார். விருது தாமதமாகலாம், வாசகனைத் தேடி நடப்பதைத் தாமதிக்கக் கூடாது என்று அவர் வாழ்க்கையிலிருந்து நான் எடுத்துக்கொண்டேன்.

சரி, நடைமுறைக்கு வருவோம். நான் செய்ததைச் சொல்கிறேன்.

ஒன்று, அனுப்பும் முன் ஒரு நோட்டில் பெயர்களை எழுதினேன். பிரபலங்களின் பெயர்களை அல்ல. இந்தப் பொருளில் கை வைத்துப் பழகியவர்கள், இதே மாதிரிப் புத்தகத்துக்கு ஏற்கெனவே மதிப்புரை எழுதியவர்கள் யார் என்று பார்த்தேன். நாற்பது பேர் தேறினார்கள்.

இரண்டு, பத்திரிகைகளுக்குப் பெரும்பாலும் இரண்டு பிரதிகள் அனுப்ப வேண்டும். கூடவே ஒரு பக்கக் குறிப்பு: யாருக்கான புத்தகம், என்ன இருக்கிறது, விலை, பக்கம், கிடைக்கும் இடம். "தலைசிறந்த நூல்" என்றெல்லாம் நாமே எழுதக் கூடாது. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி நேரத்தில் அனுப்பினால் குவியலில் நம் புத்தகம் அடியில் போய்விடும். அதற்கு முன்போ, நன்றாகத் தள்ளியோ அனுப்புங்கள்.

மூன்று, கடிதத்தில் "படித்துப் பாருங்கள், குறை இருந்தால் அதையும் எழுதுங்கள்" என்று ஒரு வரி சேர்த்தேன். இலவசப் பிரதி கொடுத்தேன் என்பதற்காக அவர் எழுதியே தீர வேண்டும் என்பதில்லை. அமேசான் விதியும் இதேதான். இலவசமாகப் பிரதி கொடுக்கலாம், பதிலுக்கு விமர்சனம் எழுது என்று நிர்ப்பந்திக்கக் கூடாது. குடும்பத்தாரும் நெருங்கிய நண்பர்களும் அங்கே எழுதவே கூடாது. அதனால் வகுப்புத் தோழர்களே, எனக்காக அஞ்சு நட்சத்திரம் போட்டுடாதீங்க!

நான்கு, ஒரு முறை நினைவூட்டலாம். இரண்டாம் முறை கேட்டால் அது தொல்லை. பாதகமாக எழுதினால் நன்றி சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். பதிலுக்குப் பதில் எழுதினால் புத்தகத்தை விட்டுவிட்டு எல்லாரும் சண்டையைத்தான் பார்ப்பார்கள்.

நாற்பது பேரில் எழுதியவர்கள் ஒன்பது பேர். அதில் ஒருவர் முப்பது வருடம் வயர்மேனாக வேலை பார்த்தவர். ஒரு சிறு பத்திரிகையில் அவர் எழுதினார்: "நல்ல புத்தகம்தான். ஆனால் இதைப் படித்துவிட்டு நீங்களே ஸ்விட்ச் போர்டைத் திறந்துவிடாதீர்கள். வேலைக்கு வருகிற ஆளிடம் சரியான கேள்வி கேட்கப் பயன்படுத்துங்கள்." எனக்கு அந்தக் கருத்தில் முழு உடன்பாடு இல்லை. சில சின்ன வேலைகளை மெயினை அணைத்துவிட்டு வீட்டுக்காரர் செய்யலாம் என்பது என் எண்ணம். ஆனால் அந்த மதிப்புரை வந்த பிறகுதான் முன்பின் தெரியாதவர்கள் புத்தகம் கேட்டு எழுதினார்கள். ஒரு பள்ளி ஆசிரியர் பத்துப் பிரதிகள் வாங்கினார். எச்சரிக்கை செய்கிறவரைத்தான் ஜனங்கள் நம்புகிறார்கள். அவரிடம் கடிதம் எழுதி அனுமதி வாங்கி, இரண்டாம் அச்சில் அந்த வரிகளைப் பின்னட்டையில் போட்டேன். என்னை மறுத்துச் சொன்ன வரிகள்தான், ஆனால் யாரோ ஒருவரின் கையைக் காப்பாற்றக்கூடிய வரிகள்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். நம் கல்லூரி நூலகத்தில் முன்னாள் மாணவர் எழுதிய புத்தகங்களுக்கென்று ஒரு அலமாரி வையுங்கள். மாணவத் தம்பி தங்கைகள் அதிலிருந்து ஒன்றை எடுத்துப் படித்து, ஒரு பக்கம் எழுதிக் கல்லூரி மலரில் போடுங்கள். புத்தகம் யாருக்கு, என்ன சொல்கிறது, எங்கே இடறுகிறது, இந்த மூன்றும் போதும். தெரிந்தவர் புத்தகமென்றால் "இவர் எங்கள் சீனியர்" என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு எழுதுங்க. சீனியர்கள் கோபிக்க மாட்டார்கள். கோபித்தால் அடுத்த புத்தகம் எழுதத் தகுதியில்லை என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.