கரையூர் வானொலியும் வாலிபர் தொண்டும்

(ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கரையூர் மக்கள் தாமே தொண்டாக நடத்தும் வானொலி நிலையம் என்பது எமக்கு இன்று தரப்பட்ட பொருள். வானொலி நடத்துவது அரசாங்கத்தின் வேலை, அல்லது பணம் படைத்தோரின் வேலை. திருவிழாவிலே தண்ணீர்ப்பந்தல் வைக்கும் வாலிபர் சங்கத்துக்கு அதில் என்ன அலுவல் என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். அதற்கு விடை நம் கடற்கரையிலேயே இருக்கிறது.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை காலை, சுமாத்திராத் தீவுக்கு அருகே கடலடி நிலம் அதிர்ந்தது. அங்கெழுந்த அலை நம் கரைக்கு வந்து சேர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் எடுத்தது. அந்த நேரத்துக்குள் ஒரு முதியவர்கூடத் தடியூன்றி நடந்தே மேட்டு நிலம் சேர்ந்திருக்கலாம். ஆனால் முல்லைத்தீவிலும் கள்ளப்பாட்டிலும் சிலாவத்தையிலும் 'எழுந்து போங்கள்' என்று சொல்ல ஒரு குரல் இருக்கவில்லை. அன்று நாம் யார் யாரை இழந்தோம் என்பதை இம்மண்டபத்தில் எவருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அதே காலையில் புதுச்சேரியைச் சேர்ந்த நல்லவாடு என்னும் மீனவ ஊரில் நடந்ததைக் கேளுங்கள். சிங்கப்பூரிலே தொழில் செய்த அவ்வூர் வாலிபர் ஒருவர், செய்தியறிந்து வீட்டுக்குத் தொலைபேசியிற் சொன்னார். ஒரு தொலைபேசி ஒரு வீட்டுக்குத்தான் சொல்லும். ஆனால் அவ்வூரில் மா. சா. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் அமைத்த அறிவு மையம் ஒன்றும், அதற்கோர் ஒலிபெருக்கியும் இருந்தன. ஊரவர் ஓடிச்சென்று அதில் எச்சரித்தனர். வீடுகளும் வள்ளங்களும் அழிந்தன. ஆனால் ஏறத்தாழ 3,600 பேர் உயிர் தப்பினர்.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். 1998இல் தொடங்கிய அத்திட்டத்தின் கரையூர் நிலையங்களில், அலையின் உயரத்தை இணையத்திலே பார்த்து ஒலிபெருக்கியில் அறிவிப்பது வழக்கமாக இருந்தது. நாளும் கேட்டு, உண்மையென்று கண்ட குரலை ஆபத்து வேளையிலும் மக்கள் நம்புவர். ஆண்டுக்கொரு முறை திருவிழாவுக்கு மட்டும் முழங்கும் ஒலிபெருக்கி திடீரென்று 'ஓடுங்கள்' என்றால், பாதிப்பேர் வேடிக்கை என்றே நினைப்பர்.

நிற்க. ஒலிபெருக்கி கரையோடு நின்றுவிடும். கடலில் நிற்கும் வள்ளத்துக்கு எட்டாது. அதற்கு வானொலி வேண்டும். இராமேசுவரத் தீவின் பாம்பனில் 2016ஆம் ஆண்டு ஆகத்து 15ஆந் திகதி 'கடல் ஓசை' என்னும் பண்பலை நிலையம், 90.4 அலைவரிசையில், மீனவர்க்கென்றே தொடங்கப்பட்டது. காற்று, அலை, மீன்வளம், கடல் பேணல் யாவும் மீனவர் பேசும் தமிழிலேயே அங்கு பேசப்படுகின்றன. இத்தகைய சிறு நிலையத்தின் ஒலி பத்துப் பதினைந்து கிலோமீற்றர் தூரமே செல்லும். கரையோடு தொழில் செய்வோர்க்கு அதுவே பெரிய துணை.

பாம்பன் என்றதும் நம் கடற்றொழிலாளர்க்கு இழுவைமடி நினைவுக்கு வரும். 2017இல் நம் நாடு அம்முறையைச் சட்டத்தால் தடை செய்தது. நம் வலைகள் அறுந்த வேதனையை நாம் மறைக்கவில்லை. ஆயினும் 1964 டிசெம்பரில் வன்னியைக் கடந்து சென்ற அதே புயல்தான் தனுஷ்கோடியையும் அழித்தது. புயலுக்கு எல்லையில்லை, நல்லதைக் கற்பதற்கும் எல்லை வேண்டாம்.

நம் நாட்டுக்கும் இது புதிதன்று. 1981இல் மகாவலிக் குடியேற்றங்களில் சமூக வானொலி தொடங்கிற்று. 1989இல் கொத்மலையில் ஒரு நிலையம் எழுந்தது. ஆனால் அவை அரச ஒலிபரப்பின் கிளைகள். ஊரவர் தாமே நிலையம் வைக்க அனுமதி பெறுவது எளிதன்று. ஆதலின் கேட்க வேண்டியதைக் கேட்டுக்கொண்டே, கையிலிருப்பதைக் கொண்டு நாம் தொடங்குவோம். கையிலிருப்பது கோயில் ஒலிபெருக்கி. அயலிலே தேவாலயத்தின் ஒலிபெருக்கியும் உண்டு. அலை சமயம் பார்த்து வருவதில்லை. அறிவித்தலும் எல்லார்க்கும் பொதுவாகவே இருக்கட்டும்.

இளைஞர்களே, கருவி வாங்குவது கடினமன்று. மாலைதோறும் குறித்த நேரத்தில் ஒருவர் வந்து அமர்வதே கடினம். முதல் மாதம் பத்துப்பேர் வருவர். மூன்றாம் மாதம் இருவர் மிஞ்சுவர். பரீட்சை வரும், கலியாணம் வரும், தொழிலுக்காகக் கொழும்புக்குப் போக நேரும். எனவே முறை அட்டவணை எழுதித் தொங்கவிடுங்கள். பெண்பிள்ளைகளுக்கும் சமபங்கு கொடுங்கள். வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் அறிவித்தலையும், 117 என்ற எண்ணில் அனர்த்த முகாமைத்துவ நிலையம் சொல்வதையுமே படியுங்கள்; யாரோ சொன்னார் என்று எதையும் படிக்க வேண்டாம். ஒரு பொய் அறிவித்தல் நூறு நாள் உழைப்பைக் கெடுத்துவிடும். படித்ததை நேரத்தோடு கொப்பியில் எழுதி வையுங்கள். மின்சாரம் நின்றாலும் குரல் நில்லாதிருக்க ஒரு மின்கலத்தை எப்போதும் ஏற்றி வையுங்கள்.

பெரியோர்களே, உங்களிடமும் ஒரு விண்ணப்பம் உண்டு. கொண்டலும் சோளகமும் திரும்பும் குறியை நீங்கள் அறிவீர்கள். வாரத்தில் ஒருநாள் ஒலிவாங்கியின் முன் அமர்ந்து அதை எங்களுக்குச் சொல்லுங்கள். பிள்ளைகள் பிழையாகப் படித்தால் சிரிக்காமல் திருத்துங்கள்.

வைகாசி தோறும் சிலாவத்தைக் கடலில் எடுத்த உப்புநீரில் விளக்கெரித்து, வற்றாப்பளை அம்மனுக்குப் பொங்கலிடும் ஊர் நம்முடையது. விளக்கேற்றுவது ஒரு கணத்து வேலை. அணையாமற் காப்பதே தொண்டு. அத்தொண்டுக்கு இச்சங்கம் நாளை மாலையே முதற் பெயரை எழுதுமாக. அம்மன் திருவருள் துணை நிற்பதாக.