தொழவைக்கச் சென்றவர் மாணவரானார்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேற்படிப்புக்காகப் பிள்ளையை அயல்நாட்டிற்கு அனுப்பலாமா என்று கேட்டுப் பெற்றோர் நம்மிடம் வருகின்றனர். அந்நியப் பண்பாட்டில் பிள்ளை மார்க்கத்தை மறந்துவிடுவானோ என்பதே அவர்களின் அச்சம். முன்பு இவ்வாறு வந்த தந்தை ஒருவரிடம், தீர யோசிக்காமல் “வேண்டாம்” என்று கூறிவிட்டோம். அப்பதில் தவறு என்பதை நமக்கு உணர்த்தியது, நம்மைப் போன்ற ஓர் இமாமின் வரலாறு.

அவர் பெயர் ரிஃபாஆ அத்தஹ்தாவி. மேல் எகிப்தின் தஹ்தா எனும் ஊரில் 1801ஆம் ஆண்டு பிறந்தவர், அல்அஸ்ஹரில் ஓதியவர். 1826ஆம் ஆண்டு எகிப்தின் ஆட்சியாளர் முஹம்மது அலீ பாஷா, சுமார் 40 மாணவர்களைப் பிரான்சுக்கு அனுப்பினார். ஆசிரியர் ஷைகு ஹஸன் அல்அத்தாரின் பரிந்துரையால், அவர்களுக்குத் தொழவைக்கும் இமாமாக தஹ்தாவியும் சென்றார்.

“நாம் ஆலிம், இனி நமக்கென்ன பாடம்?” என்று அவர் இருந்துவிடவில்லை. மர்ஸேய் துறைமுக நகரிலேயே பிரெஞ்சு எழுத்துகளைக் கற்கத் தொடங்கினார். இரவெல்லாம் வாசித்ததில் இடக்கண் பலவீனமடைந்தது. மருத்துவர் தடுத்தும் அவர் கல்வியை நிறுத்தவில்லை.

பாரிஸில் மாணவர்கள் முதலில் ஒரே வீட்டில் தங்கினர். தமக்குள்ளேயே இருந்ததால் பிரெஞ்சு நாவில் ஏறவில்லை. பல பள்ளிகளுக்கும் ஆசிரியர் இல்லங்களுக்கும் பிரித்து அனுப்பிய பின்னரே மொழி வசமாயிற்று. அயல்நாடு சென்றும் ஊர்க்காரர்களோடு ஒரே அறையில் முடங்கிவிடும் நம் பிள்ளைகள் இதைச் சிந்திக்க வேண்டும்.

அங்கு கண்டதையெல்லாம் அவர் அப்படியே ஏற்கவுமில்லை, அப்படியே தள்ளவுமில்லை. அம்மக்களின் தூய்மையையும் உழைப்பையும், சாதாரணத் தொழிலாளியும் எழுதப் படிக்க அறிந்திருந்ததையும் புகழ்ந்து எழுதினார். அவர்களிடம் கொடைத்தன்மை குறைவு என்றும், மார்க்கத்திற்கு முரணான கருத்துகள் அவர்களின் தத்துவ நூல்களில் உள்ளன என்றும் தயங்காமல் குறிப்பிட்டார். எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்று நிறுத்துப் பார்க்கும் தராசு அவரிடம் இருந்தது. வீட்டிலும் மதரஸாவிலும் பெற்ற அடிப்படைக் கல்வியே அந்தத் தராசு.

1831ஆம் ஆண்டு இமாமாகவே நாடு திரும்பினார். ஆனால் சென்றபோது இருந்தவராக அல்லர். 1834ஆம் ஆண்டு தம் பாரிஸ் பயண நூல் வெளிவந்தது. 1835ஆம் ஆண்டு கெய்ரோவில் தொடங்கிய மொழிகள் பள்ளியை அவர் நடத்தினார். அயல்மொழி நூல்கள் அங்கே அரபியாயின. முதுமையில், ஆண்களைப் போன்றே பெண்களுக்கும் கல்வி தேவை என்று வலியுறுத்தி நூல் இயற்றினார். 1873ஆம் ஆண்டு மறைந்தார்.

பெற்றோர்களே! பிள்ளையைப் பூட்டிவைத்துக் காப்பதைவிட, அவன் கையில் அந்தத் தராசைக் கொடுத்து அனுப்புங்கள். மாணவர்களே! பட்டத்தோடு மட்டும் திரும்பாதீர்கள். கற்றதை ஊருக்கும் கொண்டுவாருங்கள்.

அந்தத் தந்தையை அண்மையில் சந்தித்து, நம் பதிலுக்காக வருத்தம் தெரிவித்தோம். அவர் பெருந்தன்மையோடு புன்னகைத்தார். ஆயினும் அவருடைய மகனுக்கு அவ்வாய்ப்பு மீண்டும் வரவில்லை. இன்னொரு பிள்ளைக்கு அந்நிலை நேரக்கூடாது என்பதற்காகவே இதை உங்கள் முன் கூறினோம்.

பயன் தரும் கல்வியை அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு வழங்குவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.