விமானம் நிற்கும் வரை லேண்டிங் முடியவில்லை

இன்னைக்கு விமானத்தை வானத்துல ஓட்டுறதைப் பத்தி இல்லை, தரையில ஓட்டுறதைப் பத்திப் பேசப் போறேன்.

நான் முதல்ல கத்துக்கிட்டது செஸ்னா 172. மூக்குக்குக் கீழ ஒரு சக்கரம், அதுக்குப் பின்னாடி மெயின் சக்கரம் ரெண்டு. அப்புறம் பைப்பர் ஜே-3 கப் பக்கம் வந்தேன். 1938-லிருந்து 1947 வரை தயாரான, மஞ்சள் கலர் குட்டி விமானம். இதுல மூணாவது சக்கரம் வாலுக்குக் கீழ இருக்கும். அமெரிக்காவுல பைலட் லைசென்ஸ் இருந்தாலும், இந்த மாதிரி டெயில்வீல் விமானத்துக்குத் தனியா பயிற்சி எடுத்து, லாக்புக்ல கையெழுத்து வாங்கணும். ஒரு சக்கரத்தை இடம் மாத்தினதுக்கா இவ்வளவு பில்டப்னு நினைச்சேன்.

விஷயம் சக்கரத்துல இல்லை, எடையில இருக்கு. டிராக்டர் முன்னாடி போகும்போது டிரெய்லர் தானா நேரா வரும். ரிவர்ஸ் எடுத்துப் பாருங்க, லேசா கோணினாலும் கோணல் கூடிக்கிட்டே போகும். 172-ல எடையின் மையம் மெயின் சக்கரங்களுக்கு முன்னாடி இருக்கு. அதனால கொஞ்சம் கோணலா இறங்கினாலும் அது தானே நேராகும். கப்-ல அந்த மையம் சக்கரங்களுக்குப் பின்னாடி. மூக்கு ஒரு பக்கம் திரும்பினா, பின்னாடி இருக்கிற எடை வாலை வெளியே தள்ளும், திருப்பம் இன்னும் அதிகமாகும். விட்டா விமானம் அப்படியே சுத்திடும். இதுக்குப் பேர் கிரவுண்ட் லூப். இறக்கை நுனி தரையில உரசலாம், சக்கரக் கால் மடங்கலாம்.

டாக்ஸி பண்றதே ஒரு பாடம். தனியா ஓட்டினா பின் சீட்லதான் உட்காரணும். மூக்கு தூக்கிட்டு இருக்கிறதால நேர் எதிரே தெரியாது. அதனால பாம்பு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போய், பக்கவாட்டுல எட்டிப் பார்க்கணும். காற்று முன்பக்கத்திலிருந்து வந்தா ஸ்டிக்கைப் பின்னாடி இழுத்து, காற்று வர்ற பக்கம் சாய்க்கணும். பின்பக்கத்திலிருந்து வந்தா முன்னாடி தள்ளி, எதிர்ப்பக்கம் சாய்க்கணும்.

ஒரு நாள் மூணு சக்கரமும் ஒண்ணா தொட்டு அழகா இறங்கினேன். 'அப்பாடா'ன்னு கால் தளர்ந்தது. அவ்வளவுதான், மூக்கு இடது பக்கம் இழுத்தது. நான் வலது பெடலை மிதிக்கிறதுக்குள்ள முன் சீட்டிலிருந்த பயிற்சியாளர் மிதிச்சுட்டார். ரன்வே ஓரத்துப் புல்லுக்குப் பக்கத்துல போய் நின்னோம். இன்ஜினை நிறுத்தின பிறகு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "நீ எப்போ ஓட்டுறதை நிறுத்தினே?"

எனக்குப் பதில் தெரியும். சக்கரம் தரையைத் தொட்டதுமே நிறுத்திட்டேன். ஆனா ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்குது. வேகம் குறையக் குறைய ரட்டர் மேல படுற காற்றும் குறையும். அதே பலன் கிடைக்க, பெடலை இன்னும் அதிகமா மிதிக்கணும். மூக்கு நல்லா திரும்பின பிறகு மிதிச்சா லேட். அசைய ஆரம்பிக்கும்போதே சின்னதா ஒரு மிதி, உடனே விடணும், அடுத்த அசைவுக்குத் தயாரா இருக்கணும்.

அதுக்கப்புறம் பல மணி நேரம் பறந்துதான் அந்தக் கையெழுத்து கிடைச்சது. இப்பவும் கப் முழுசா நின்னு, இன்ஜின் அணையுற வரைக்கும் என் கால் பெடலை விட்டு நகராது.

அடுத்த எபிசோட்ல குறுக்குக் காற்றுல இறங்குறதைப் பத்திப் பேசலாம்.