ஐம்பது குதிரை இழுக்கும் வீடு



அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, துணி அலமாரி, பின்னால் ஒரு படுக்கை, கூரையைத் தூக்கினால் மேலே இன்னொரு படுக்கை. எல்லாம் ஒரே வேனுக்குள். எடை ஒன்றரை டன்னைத் தாண்டும். இதை இழுப்பது 1600 சிசி டீசல் இன்ஜின், 50 குதிரைத்திறன். ஜெர்மனியின் ஃபோக்ஸ்வேகன் நிறுவனம் 1979-இல் கொண்டுவந்த மூன்றாம் தலைமுறை வேனில் 1981 முதல் கிடைத்த ஏற்பாடு இது. வெஸ்ட்பாலியா நிறுவனம் உள்ளே வீடு கட்டிக் கொடுத்த அந்த வேன்களை இன்றும் பொன்போலக் காப்பவர்கள் உண்டு. அவர்களில் பலர் அந்த டீசல் இன்ஜினைக் கழற்றிவிட்டுப் பெட்ரோல் இன்ஜின் மாட்டுகிறார்கள். ஏன், எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு.

நம் ஊரில் நடந்தது இதற்கு நேர் எதிர். டீசல் விலை குறைவு என்று அம்பாசடரின் பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு டீசல் இன்ஜினை ஏற்றிக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். வாடகைக்கு ஓடும் வண்டிக்கு அந்தக் கணக்கு சரி. வருடத்தில் சில வாரம் மட்டும் மலையேறப் போகிற வண்டிக்குக் கணக்கு வேறு.

ஆஸ்திரியாவில் குரோஸ்குளொக்னர் மலைச்சாலை இருக்கிறது. ஏற்றம் சில இடங்களில் நூற்றுக்குப் பன்னிரண்டு. உச்சி 2,504 மீட்டர். அந்த உயரத்தில் காற்று மெலிந்துவிடுவதால், டர்போ இல்லாத எந்த இன்ஜினும் ஏறக்குறைய கால்பங்கு திறனை இழக்கும். ஐம்பதில் கால்பங்கு போனால் மிச்சம் என்ன? வண்டி இரண்டாம் கியரில் முக்கி முனகி ஏறும். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்தே களைத்துப்போவார்கள். சமதளத்தில்கூட அந்த டீசல் வேனின் உச்ச வேகம் மணிக்கு 110 கிலோமீட்டர்தான்.

இழுவை மட்டுமே காரணமில்லை. 2008 ஜனவரி முதல் தேதி பெர்லின், கொலோன், ஹனோவர் நகரங்கள் புகை கக்கும் பழைய வண்டிகள் உள்ளே வரக் கூடாது என்று எல்லை வகுத்தன. ஜெர்மனியில் இந்த வேனைத் தயாரித்ததே ஹனோவரில்தான்! பிறந்த ஊருக்குள்ளேயே நுழைய முடியாமல் போனது பழைய டீசல் வேன். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரோடு வந்த பெட்ரோல் இன்ஜினுக்கு அந்தத் தடை இல்லை. அப்போது பலர் இன்ஜினை மாற்றினார்கள். இதில் ஒரு வேடிக்கை: முப்பது வயது கடந்த வண்டி, பழம்பொருள் என்று சான்று பெற்று 'எச்' எழுத்துள்ள நம்பர் பிளேட் வாங்கிவிட்டால் அதே டீசல் இன்ஜினோடு தாராளமாக உள்ளே போகலாம். பொறுத்திருந்தவன் இன்ஜினை மாற்றாமலே ஜெயித்தான்.

சரி, ஒன்றைக் கழற்றி வேறொன்றை மாட்டுவது எப்படி முடிகிறது? இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். ஃபோக்ஸ்வேகனின் கோல்ஃப் காரின் பெட்ரோல் இன்ஜின் குடும்பத்திலிருந்துதான் டீசலையும் வடித்தார்கள். பெட்ரோல் இன்ஜின் பிளாக்கில் டிஸ்ட்ரிபியூட்டர் உட்காரும் துளையில், டீசலில் பிரேக்குக்கான வேக்குவம் பம்ப் உட்கார்ந்திருக்கும். டீசல் இன்ஜினில் காற்றை அடைக்கும் திராட்டில் கிடையாது, அதனால் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வேக்குவம் தானாக வராது, பம்ப் தேவைப்படுகிறது. பெட்ரோலுக்கு மாறினால் பம்ப் வேண்டாம். காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டிலிருந்து ஒரு ஓஸ் இழுத்தால் போதும். ரேடியேட்டர் ஏற்கெனவே முன்னால் இருக்கிறது, தண்ணீர்க் குழாய்கள் வண்டிக்கு அடியில் பின்புறம்வரை ஓடுகின்றன. அந்த வேலையும் மிச்சம். தேர்வும் எளிது: கோல்ஃபின் 1800 சிசி இன்ஜின் 90 குதிரை, 2000 சிசி இன்ஜின் 115 குதிரை. எதைப் போட்டாலும் வண்டிக்குப் புது ரத்தம்தான்.

ஆனால் பலர் வழுக்கி விழும் இடம் ஆயில் சம்ப், அதாவது இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி.

காரில் இந்த இன்ஜின் ஓரளவு நிமிர்ந்து நிற்கும். வேனில் படுக்கைக்கு அடியில், தாழ்ந்த மூடியின் கீழ் அடங்க வேண்டும் என்பதற்காக அதை இடப்பக்கம் 50 டிகிரி சாய்த்துப் படுக்கவைத்திருக்கிறார்கள். அந்தச் சாய்வுக்கென்றே வார்த்த சம்ப், அதற்கேற்ற உறிஞ்சு குழாய். ஆயில் ஊற்றுவதும் அளவு பார்ப்பதும் பின் நம்பர் பிளேட்டை மடக்கினால் தெரியும் சந்து வழியாக. கோல்ஃபிலிருந்து இறக்கிய இன்ஜினை அதன் சம்ப்போடு அப்படியே ஏற்றினால் ஆயில் ஒரு மூலையில் தேங்கும், உறிஞ்சு குழாய் காற்றைக் குடிக்கும், பேரிங் போய்விடும். ஆகவே சம்ப், உறிஞ்சு குழாய், மவுண்டிங், கிளட்ச் ஹவுசிங் எல்லாம் பழைய டீசலுடையதே இருக்க வேண்டும். கழற்றிய டீசல் இன்ஜினைப் பழைய இரும்புக்காரரிடம் அவசரப்பட்டுத் தள்ளிவிடாதீர்கள் என்று அனுபவசாலிகள் தலைபாடாய் அடித்துக்கொள்வது இதற்காகத்தான்.

அடுத்து கியர்பாக்ஸ். டீசல் தன் முழுத் திறனையும் நிமிடத்துக்கு 4,200 சுற்றிலேயே கொடுத்துவிடும், அதற்கு ஏற்ற சிறிய கியர்கள். அந்த கியர்பாக்ஸையே வைத்துக்கொண்டால் பெட்ரோல் இன்ஜின் 110 கிலோமீட்டர் வேகத்தில் கத்திக்கொண்டு ஓடும். காதும் போகும், பெட்ரோலும் போகும். பெட்ரோல் வேனின் கியர்பாக்ஸைத் தேடி, அதில் டீசலின் கிளட்ச் ஹவுசிங்கை மாற்றிப் பூட்டுவதுதான் முறை.

எரிபொருள் வழியில் கஞ்சத்தனம் கூடாது. டீசல் ஓடிய டேங்கைக் கழற்றிக் கழுவ வேண்டும். டேங்க் வண்டியின் முன்பக்கம், இன்ஜின் பின்பக்கம். நடுவில் ஓடும் பெட்ரோலை எலெக்ட்ரிக் பம்ப் அழுத்தத்தோடு தள்ளும். பழைய ரப்பர் ஓஸும் சாதாரண கிளிப்பும் அதற்குத் தாங்காது. கசிந்தால் மேலே படுத்திருப்பது குழந்தைகள். வயரிங் தலைவலிதான், ஒத்துக்கொள்கிறேன். அதனால் இன்ஜினை மட்டும் வாங்காமல், ஓடும் நிலையில் உள்ள ஒரு முழு பழைய காரையே வாங்கி, அதன் கம்ப்யூட்டர், சென்சார், ஒயர்க்கட்டு எல்லாவற்றையும் அறுக்காமல் எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

தென்னாப்பிரிக்காவில் இந்த வேனைத் தயாரித்த தொழிற்சாலை, ஆடியின் ஐந்து சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினைப் பொருத்தி 2002 வரை விற்றது. கம்பெனியே செய்த வேலை என்பதால், இது மெக்கானிக்குகளின் கிறுக்குத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது.

என் கட்சி இது: டீசல் நன்றாக ஓடுகிறது, அவசரமும் இல்லை என்றால் அதைத் தொடாதீர்கள். இன்ஜின் செத்து, எப்படியும் இறக்கியாக வேண்டும் என்றால் பெட்ரோலுக்குப் போங்கள். 'எச்' பிளேட் வேண்டுமென்றால் வண்டியின் காலத்தோடு ஒட்டிய இன்ஜினாகப் பார்த்து எடுங்கள். பின்னாளில் வந்ததைப் போட்டால் அந்தச் சான்று கைநழுவலாம். ஸ்பானரைக் கையில் எடுக்கும் முன்பே பரிசோதனை அதிகாரியிடம் போய், எந்த இன்ஜின், எந்த கன்வெர்ட்டர் என்று சொல்லிக் கேட்டுவிடுங்கள். ஜெர்மனியில் மாற்றிய இன்ஜினைப் பரிசோதித்து வண்டியின் பத்திரத்தில் பதியாவிட்டால், அந்த வண்டி சாலையில் ஓடும் அனுமதியே ரத்தாகிவிடும்.