தரமணியும் பசுமைக் கட்டடமும்



2000 ஜூலையில் டைடல் பார்க் திறந்தபிறகு தரமணியின் பெயர் ஊரெல்லாம் பரவியது. 2010-ல் ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்கா வந்தது. அங்கே மின்சாரம் தாராளமாகக் கிடைக்கும் நேரத்தில் தண்ணீரைக் குளிர வைத்துத் தொட்டியில் சேமித்து, தேவைப்படும்போது ஏ.சி.க்குத் திருப்புகிறார்கள். ஆபீஸ் கரண்ட் பில்லில் பெரும்பங்கு ஏ.சி.தானே! நல்ல யோசனை.

ஆனா ஒண்ணு சொல்றேன். மேற்கு வெயில் அடிக்கிற சுவர் முழுக்கக் கண்ணாடி போட்டுட்டு, மொட்டைமாடியில் நாலு சோலார் பேனல் வைத்தால் அது பசுமைக் கட்டடம் ஆகாது. முதலில் நிழல், பிறகுதான் மெஷின்.

அதைவிட முக்கியம் தண்ணீர். தரமணிக்குத் தெற்கே பள்ளிக்கரணை சதுப்புநிலம், இந்தப் பகுதி மழைநீருக்கெல்லாம் வடிகால். 2022-ல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. தண்ணீர் இறங்குகிற வழியில் அஸ்திவாரம் போட்டால் அது நம் வாசலுக்கே திரும்பி வரும். 2015 டிசம்பரில் பார்த்தோமே!

தம்பி, தங்கைகளே, நாளைக்கு ஒரு பிளான் உங்கள் மேஜைக்கு வரும். எத்தனை மாடி என்று கேட்பதற்கு முன், "இங்கே மழைத்தண்ணி எந்தப் பக்கம் போகுது?" என்று கேளுங்கள். முதலாளி முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். கேட்க வேண்டியது எஞ்சினியரின் கடமை.