சூழொலியும் நடுத்தடமும்

(நம் தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே மரபு. எனக்கோ ஒலிபெருக்கியைப் பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறார்கள். காரணம் உண்டு. சங்க மண்டபத்துக்குப் புதிய ஒலிக்கருவிகள் வாங்கச் செயற்குழு எண்ணியிருக்கிறது. ஆறு ஸ்பீக்கர் போதும் என்பார் சிலர். பன்னிரண்டு வேண்டும் என்பார் சிலர். 5.1, 7.1, அட்மாஸ் என்னும் பெயர்களெல்லாம் கூட்டத்தில் அடிபட்டன. இதற்கிடையே, கடைசி வரிசையில் அமரும் முதியவர்கள், ‘நாடகத்தில் பாட்டுக் கேட்கிறது, பேச்சு விளங்கவில்லை’ என்று ஆண்டுதோறும் சொல்லி வருகிறார்கள். இவ்விரண்டையும் சேர்த்தே பேச விரும்புகிறேன்.

முதலில் செவியின் இயல்பைப் பார்ப்போம். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்வது. வலப்புறம் எழும் ஓசை வலச்செவியை முதலில் அடைந்து, ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் கழித்தே இடச்செவியை அடைகிறது. அவ்வளவு சிறிய வேறுபாட்டைக் கொண்டே நம் மூளை திசையை அறிந்துவிடுகிறது. ஒரே ஓசை இரண்டு இடங்களிலிருந்து வந்தால் எது முந்தி வந்ததோ அத்திசையையே செவி ஏற்றுக்கொள்ளும். 1949-இல் ஹெல்முட் ஹாஸ் என்னும் ஜெர்மானியர் இதனை விரிவாக ஆராய்ந்தார். இன்றும் அவர் பெயராலேயே இவ்விளைவு வழங்குகிறது.

இனி இரண்டு ஸ்பீக்கர்களை எண்ணிப் பாருங்கள். இரண்டிலும் ஒரே குரலை ஒரே அளவில் ஒலிக்கச் செய்தால், நடுவில் அமர்ந்தவருக்குக் குரல் நேர் எதிரிலிருந்து வருவதுபோல் தோன்றும். அங்கே ஸ்பீக்கர் ஏதும் இல்லை. அது ஒரு மாயத் தோற்றம். அவர் இரண்டு நாற்காலி தள்ளி அமர்ந்தாரோ, மாயம் கலைந்தது! அருகிலுள்ள ஸ்பீக்கரின் ஒலி முந்திவர, நடுவில் நிற்கும் நடிகரின் குரல் ஓரத்துச் சுவரிலிருந்து பேசும். வீட்டில் ஒருவர் இசை கேட்க இது போதும். ஐந்நூறு பேர் அமரும் கொட்டகைக்கு எவ்வாறு போதும்?

ஆகவேதான் திரைப்படத் துறையினர் தொடக்கத்திலேயே திரையின் நடுவே மெய்யான ஸ்பீக்கர் ஒன்றை நிறுத்தினர். திரையில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருப்பதை அறிவீர்கள். அவற்றின் வழியேதான் கதாநாயகன் பேசுகிறான். 1940-இல் வால்ட் டிஸ்னி ‘ஃபேண்டேசியா’ படத்தைப் பல தடங்களில் ஒலிக்கச் செய்தார். தடம் என்பது, ஒரு ஸ்பீக்கருக்கோ ஒரு ஸ்பீக்கர் வரிசைக்கோ தனியே அனுப்பப்படும் ஒலி. கருவிகளின் விலை தாங்காமல் அம்முயற்சி சில கொட்டகைகளோடு நின்றது. 1953-இல் சினிமாஸ்கோப்பில் வந்த ‘தி ரோப்’ நான்கு தடங்களைக் கொண்டது: இடம், நடு, வலம் ஆகிய மூன்றும் திரைக்குப் பின்னால், நான்காவது அரங்கினுள். 1955-இல் 70 எம்.எம். அளவில் ‘ஓக்லஹோமா’ வந்தபோது தடங்கள் ஆறாயின. அவற்றுள் ஐந்து திரைக்குப் பின்னால் நின்றன. அவையோரைச் சூழ்ந்து ஒலிக்க விட்டது ஒன்றே ஒன்று. அக்காலத்தார் எதற்கு முதன்மை தந்தனர் என்பது இதிலிருந்தே விளங்கும்.

இந்த வரலாற்றில் நம் அண்டை ஊருக்கும் பங்குண்டு. பக்கத்துக் காக்கநாட்டில் நவோதயா ஸ்டூடியோவை நிறுவிய அப்பச்சன் அவர்கள் 1978-இல் ‘தச்சோளி அம்பு’ மூலம் மலையாளத்துக்குச் சினிமாஸ்கோப்பைக் கொணர்ந்தார். 1982-இல் அவர் மகன் ஜிஜோ இயக்கிய ‘படயோட்டம்’, முற்றிலும் இந்தியாவிலேயே உருவான முதல் 70 எம்.எம். படம் எனப் பெயர் பெற்றது. இரண்டே ஆண்டில் ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ முப்பரிமாணத்தில் வந்தது. அதற்கு இசை நம் இளையராஜா. தமிழிலோ 1986-இல் ‘மாவீரன்’ 70 எம்.எம். திரையும் ஆறு தட ஒலியுமாக வந்தது. 1995-இல் ‘குருதிப்புனல்’ டால்பி ஒலியைத் தமிழுக்குக் கொணர்ந்தது. 2012 டிசம்பரில் ‘சிவாஜி’யின் முப்பரிமாணப் பதிப்பு அட்மாஸ் ஒலியில் வெளிவந்தது. இதற்கிடையே 2009-இல் கொல்லம் மாவட்டத்து ரசூல் பூக்குட்டி ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்தின் ஒலிக்கலவைக்காக, இருவரோடு பகிர்ந்து, ஆஸ்கர் பரிசு பெற்றார்.

5.1 என்றால் என்ன என்று கேட்ட அன்பர்களுக்கு ஒரு சொல். ஐந்து என்பன இடம், நடு, வலம், பின்னிடம், பின்வலம். அந்தப் புள்ளி ஒன்று, பத்தில் ஒரு பங்கு ஸ்பீக்கர் அன்று! இடி, வெடி, யானையின் காலடி போன்ற ஆழ்ந்த அதிர்வுகளுக்கு மட்டுமேயான தனித்தடம் அது. நொடிக்கு 120 அதிர்வுக்கு மேற்பட்ட ஒலி அதற்கு வேண்டியதில்லை. முழுத்தடத்தில் மிகச் சிறிய பகுதியே ஆதலின் அவ்வாறு குறித்தனர். பின்தடத்தை இடம், வலம் எனப் பிரித்துக் காட்டிய புகழ் 1979-இல் வந்த ‘அபோகலிப்ஸ் நௌ’ படத்துக்குரியது. 1992-இல் ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’ ஆறு தடங்களையும் எண்வடிவில் மாற்றி, படச்சுருளின் ஓரத் துளைகளுக்கு இடைப்பட்ட வெளியில் அச்சிட்டு வந்தது. ஒரு துளி இடமும் வீணாகவில்லை. நம் இல்லத்தரசியர் இதனைப் பாராட்டுவர். 2010-இல் ‘டாய் ஸ்டோரி 3’ பின்தடங்களை நான்காக்கி 7.1 ஆயிற்று. அட்மாஸ் கூரையிலும் ஸ்பீக்கர் வைத்தது. 128 ஒலிகள் வரை ஏற்று, 64 ஸ்பீக்கர் வழிகளுக்குப் பங்கிட வல்லது.

இவ்வளவு பெருகியும் உரையாடல் இடம் மாறவில்லை. மழை பின்னால் பெய்யலாம், விமானம் தலைக்கு மேல் பறக்கலாம்; வசனமோ பெரும்பாலும் நடுத்தடத்திலேயே நிற்கிறது. ஒலிக்கலவை செய்பவர் பின்னால் ஒரு குரலை வைத்தால் அவையோர் திரும்பிப் பார்ப்பர். படத்தின் பிடி விட்டுப்போகும். பின் ஸ்பீக்கர்களின் மேல் நமக்குள்ள மோகத்தில் பாதி கடைக்காரர் ஊட்டியது என்றே எண்ணுகிறேன்.

இப்பொழுது நம் காலனி வீடுகளுக்கு வருவோம். புதிய தொலைக்காட்சியில் தமிழ்ப்படம் போடுகிறோம். பாட்டு முழங்குகிறது, மழை கொட்டுகிறது, தாயும் மகனும் பேசுவது மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது. பாட்டியார், ‘எனக்குக் காது போய்விட்டது’ என்று தம்மையே நொந்துகொள்கிறார். பல வீடுகளில் குறை காதில் இல்லை. படம் ஆறு தடங்களில் வருகிறது. வீட்டில் இருப்பவை இரண்டு ஸ்பீக்கர்கள். நடுத்தடத்தைப் பிரித்து இடத்திலும் வலத்திலும் கலந்து தருவது கருவியின் கடமை. அதன் அமைப்பில் ‘சரௌண்ட்’ என்று தேர்ந்திருந்தால், இல்லாத நடு ஸ்பீக்கருக்கு வசனத்தை அனுப்பிவிட்டு அது வாளா இருந்துவிடும். அமைப்பில் ‘ஸ்டீரியோ’ அல்லது ‘பி.சி.எம்.’ என்பதைத் தேர்ந்தால் பெரும்பாலும் வசனம் திரும்பிவிடும். செலவு ஒரு காசும் இல்லை.

நாற்புறமும் மலையாளம் ஒலிக்கும் ஊரில் வாழ்கிறோம். பேரனும் பாட்டியும் ஒன்றாக அமர்ந்து தமிழ் கேட்கும் நேரம் பல வீடுகளில் அந்த ஒரு படத்தின் இரண்டரை மணிதான். அதில் வசனமே கேளாமல் போனால் எஞ்சுவது சண்டையும் பாட்டுமே. பேரன் கீழே ஓடும் ஆங்கில எழுத்தைப் படித்துக்கொள்வான். பாட்டியார் என் செய்வார்?

நம் இளைஞர்கள் குறும்படம் எடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களுக்கும் ஒன்று கூற வேண்டும். அதே ஆறு தடங்களை எழுதி வைக்கும் வரிசை இடத்துக்கு இடம் மாறும். திரைப்படக் கலவைக்கூடங்களின் வழக்கில் இடம், நடு, வலம், பின்னிடம், பின்வலம், ஆழொலி. பல காணொளிக் கோப்புகளிலோ இடம், வலம், நடு, ஆழொலி, பின்னிடம், பின்வலம். முதல் வரிசையில் எழுதியதை இரண்டாவது வரிசை என்று கருதி ஓட்டினால், கதாநாயகியின் வசனம் வலச்சுவரில் ஒலிக்கும்; வலப்புறத்து இசை நடுவில் அமரும்; இடப்புறத்துப் பின்மழை ஆழொலிப் பெட்டிக்குள் புகுந்து முனகும். கலவை செய்தவரின் உழைப்பு முழுவதும் பாழ். இதற்கு அஞ்ச வேண்டியதில்லை. கோப்போடு வரிசையை எழுதி அனுப்புங்கள்; தொடக்கத்தில் ‘இடம்’, ‘நடு’, ‘வலம்’ என ஒவ்வொரு தடத்திலும் ஒரு குரலைப் பதிந்து ஓட்டிப் பாருங்கள்.

மண்டபத்துக்குத் திரும்புகிறேன். வீட்டில் நடு ஸ்பீக்கரை நேர் எதிரிலும், மற்ற இரண்டை இருபுறமும் 30 பாகையிலும், பின்னவற்றை 110 பாகை அளவிலும் வைப்பது உலகறிந்த அளவுமுறை. நம் மண்டபம் வீடன்று. நாடகமும் பட்டிமன்றமுமே இங்கு மிகுதி. என் யோசனை இது: மேடையின் நடுவே, நடிகர்களின் தலைக்கு மேலே, பேச்சுக்கென்று நல்ல ஸ்பீக்கர் ஒன்று, இசைக்கு இருபுறமும் ஒவ்வொன்று. பின்வரிசைக்குத் துணையாக இரண்டு வைக்கலாம். ஆனால் அவை தாமதித்தே பேச வேண்டும். மேடையிலிருந்து 20 மீட்டர் கடக்க ஒலிக்கு ஒரு நொடியில் ஏறத்தாழ பதினேழில் ஒரு பங்கு நேரம் பிடிக்கிறது. அதைவிடச் சற்றே கூடுதலாகப் பின் ஸ்பீக்கர்களைத் தாமதித்தால், மேடைக் குரல் முந்திச் சேரும்; பின்னது அதற்கு வலுவூட்டும்; பேசுபவர் மேடையிலேயே நிற்பதாகச் செவி கொள்ளும். தாமதிக்காமல் விட்டால் ஒரு சொல் இருமுறை கேட்டுக் குழம்பும். இன்று நம் பெரியோர்கள் பட்டுக்கொண்டிருக்கும் பாடு அதுவே என்பது என் ஐயம்.

கூரை ஸ்பீக்கர்களுக்கென ஒதுக்க நினைத்த பணத்தை இப்போதைக்கு நிறுத்தி வைக்கலாம் என்று செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். கருவி பூட்டியபின், பணம் கொடுப்பதற்கு முன்பாக, எழுபது வயது கடந்த ஐவரைக் கடைசி வரிசையில் அமர்த்துங்கள். மேடையிலிருந்து ஒரு சிறுமி அவர்கள் அறியாத கதை ஒன்றைப் படிக்கட்டும். அதை ஐவரும் திருப்பிச் சொன்னபின் காசோலையில் பொருளாளர் கையெழுத்திடலாம்.